தீவுக்குப் போகிற டீச்சர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

மாலத்தீவுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்கள், ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள், ஊரில் இருந்து கவலைப்படும் பெற்றோர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று நிறைய பேர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். நான் அங்கே பல வருடங்கள் ஆங்கிலம் எடுத்தவள், எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மாலத்தீவில் வேலை இருக்கிறது, ஒன்றரை லட்சம் கொடுங்கள், முதலில் டூரிஸ்ட்டாகப் போய் இறங்குங்கள், அங்கே போன பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? – தென்காசி வாசகி

வேண்டாம் அம்மா. இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. இந்தியர்களுக்கு மாலத்தீவு இறங்கியதும் இலவசமாகத் தருவது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான அனுமதி. அதை வைத்துக்கொண்டு வகுப்பில் போய் நின்றால் சட்டப்படி நீங்கள் திருட்டுத்தனமாக வேலை செய்கிறவர். சம்பளம் தராவிட்டாலும் கேட்க முடியாது, பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முறையான வழியில் பள்ளியோ கல்வி அமைச்சகமோ உங்கள் பெயரில் வேலைக்கான அனுமதி வாங்கி அனுப்பும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அங்கே போய் மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகு வேலை விசா கிடைக்கும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்ட்டுகள் மட்டும்தான் ஆள் அனுப்பலாம், பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, உங்கள் ஏஜென்ட் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் அந்த ஒரு காரணத்தினாலேயே வேண்டாதவர். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். மாலத்தீவுக் கல்வி அமைச்சகத்தின் அறிவிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியும், அப்படிப் போன டீச்சர்கள் நிறைய பேர்.

இதற்கிடையில் சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். பட்டமும் பி.எட்.டும் மாநில உயர்கல்வித் துறையில் சரிபார்க்கப்பட்டு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வாங்க வேண்டும். மாலத்தீவில் தகுதிகளைச் சரிபார்க்க என்றே ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. தபால் வழியில் படித்தவர்கள் அந்தப் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சான்றும் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அங்கே போய் யாரிடமும் “வைத்திருக்க” கொடுக்காதீர்கள். விசா வேலைக்குக் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று கேட்டு, அந்தத் தேதியில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு இடத்திலிருந்து ஆஃபர். ஒன்றில் சம்பளம் கொஞ்சம் அதிகம், தெற்கே ஒரு சின்னத் தீவு. இன்னொன்று சம்பளம் குறைவு, பெரிய தீவு. எதை எடுக்கலாம்? மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்? – நாகர்கோவில் வாசகர்

எனக்கு வந்த எல்லாக் கேள்விகளிலும் சம்பளத்தைத்தான் முதலில் கேட்கிறீர்கள். நான் முதலில் தீவின் பெயரைக் கேட்பேன். நாட்டில் ஆயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான தீவுகள், மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவானவற்றில். அதிலும் அட்டு, ஃபுவமுலா, குல்ஹுதுஃபுஷி மாதிரி மருத்துவமனை, கடைத்தெரு, வங்கி எல்லாம் உள்ள தீவுகள் உண்டு. சில நூறு பேர் மட்டும் இருக்கிற, இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவுகளும் உண்டு. இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம்தான், ஆனால் நாள் முழுக்க வாழ்கிற வாழ்க்கை வேறு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், படகு நின்றால் காய்கறி நின்றுவிடும், நீங்கள் ஊருக்குக் கிளம்புவதும் நின்றுவிடும். அதனால் தீவின் மக்கள்தொகை, தலைநகர் மாலேயிலிருந்து எப்படிப் போவது, விமான நிலையம் உள்ள பக்கத்துத் தீவு எது, வங்கிக் கிளையோ ஏ.டி.எம்.மோ உண்டா, மருத்துவர் நிரந்தரமாக இருக்கிறாரா, இப்போது அங்கே இருக்கிற இந்திய ஆசிரியர் ஒருவரின் நம்பர் தருவார்களா என்றெல்லாம் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். நம்பர் தர மறுக்கிற பள்ளியைப் பற்றி இரண்டு தடவை யோசிப்பேன்.

இனி பணம். சம்பளம் மாலத்தீவுப் பணமான ருஃபியாவில் வரும். அதிகாரப்பூர்வ விலைப்படி ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, அதாவது பேச்சுக்கு 15,420 ருஃபியா சம்பளம் என்றால் கணக்குப்படி 1,000 டாலர். ஏஜென்ட்டுகள் இந்தக் கணக்கை ரூபாயில் போட்டுக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஆனால் நாட்டில் டாலர் தட்டுப்பாடு பல வருடங்களாக இருக்கிறது, வங்கிகள் இந்த விலையில் வெளிநாட்டவர் மாதாமாதம் அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அந்த வரம்பு சமீப வருடங்களில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மிச்சத்தை வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து டாலராக வாங்கி அனுப்புகிறார்கள், அது சட்டப்படி சரியில்லாத வழி, ஏமாந்தால் புகார் கொடுக்கவும் முடியாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முந்தின வாரம், அங்கே இருக்கிற ஒரு ஆசிரியரிடம், “இந்த மாதம் வங்கி வழியாக எவ்வளவு அனுப்பினீர்கள்?” என்று கேளுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் உண்மையான சம்பளம் என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் எல்லாவற்றையும் கணக்குப் போடுங்கள். ருஃபியாவைக் கட்டாகக் கொண்டுவந்து நாகர்கோவிலில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இங்கே யாரும் வாங்க மாட்டார்கள்.

நல்ல பக்கமும் இருக்கிறது. மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வருமானம் இருந்தால்தான் அங்கே சம்பளத்துக்கு வரி, ஆசிரியர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தங்கும் இடம் பள்ளி தருகிறதா, வாடகைப்படி தருகிறதா என்று பாருங்கள். மாலேயில் வாடகைப்படி போதவே போதாது, ஊர் நெருக்கம் அப்படி. இரண்டு ஆஃபரில் எது என்று கேட்டால், நீங்கள் சொல்கிற சம்பள வித்தியாசத்துக்கு நான் பெரிய தீவுக்குத்தான் போவேன். கிளம்பும் முன் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பதைப் போட இந்திய வங்கியில் வைக்கிற கணக்கு பற்றி உங்கள் வங்கியில் பேசிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மாலத்தீவில் எல்லாவற்றிலும் மீன் என்கிறார்கள். என் மனைவி அங்கே எப்படிச் சாப்பிடுவாள்? – கும்பகோணம் வாசகர்

உண்மைதான், சூரை மீன் இல்லாத சமையலே அங்கே இல்லை என்று சொல்லலாம். காலையில் மஸ் ஹுனி, அதாவது மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு. மதியம் கருதியா என்கிற மீன் ரசம், சாயங்காலம் டீயோடு சாப்பிடுகிற பலகாரங்களுக்கு உள்ளேயும் மீன்தான். நம் தூத்துக்குடி, குமரிக்காரர்களும் இலங்கைக்காரர்களும் கையாளுகிற மாசிக் கருவாடு அந்தத் தீவுகளின் சரக்குத்தான். கடையில் காய்கறி சமோசா மாதிரி ஏதாவது வாங்கினாலும் உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆனால் வீட்டில் சமைக்கிறவருக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சத்தியமாகச் சொல்வேன். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை அரசு மானிய விலையில் கிடைக்கிறது. பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் இந்தியா வருடா வருடம் ஒதுக்கீடு போட்டு அனுப்புகிறது, 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தம் அது, அரசியல் உறவு சரியில்லாத வருடத்தில்கூட நிற்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து சரக்கு போகிறது. முருங்கை அங்கே வீட்டுக்கு வீடு நிற்கிறது, கறிவேப்பிலையும் அப்படியே. தேங்காய்க்குச் சொல்லவே வேண்டாம். பப்பாளி, வாழை, பூசணி, ஈரப்பலா, சேம்பு மாதிரி ஒரு கிழங்கு இதெல்லாம் கிடைக்கும். கிடைக்காதவை அல்லது யானை விலை விற்பவை நம் பக்கத்துக் கத்திரி, வெண்டை, அவரை, கீரை. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு அங்கே கொடுக்கிற விலையை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால் தொட்டியில் கீரையும் மிளகாயும் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் நன்றாகப் பிழைத்துக்கொள்கிறார்கள். விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகும் முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாலேயிலேயே விதை வாங்கலாம்.

புளி, சாம்பார் பொடி, ரசப்பொடி, வத்தல், ஊறுகாய் இதற்கு மட்டும் பெட்டியில் இடம் ஒதுக்குங்கள். இட்லி அரிசியும் உளுந்தும் மாலேயில் இந்தியச் சாமான் கடைகளில் கிடைக்கும், தீவுக்கு வருகிற சரக்குப் படகில் போட்டு அனுப்புவார்கள். படகுக்காரரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்வது அங்கே குடும்பம் நடத்துகிறவரின் முதல் வேலை. கிரைண்டர் கொண்டுபோகலாம், மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர் உருண்டை முள் பிளக்கும் மூன்று சதுர முள் பிளக்கும் இரண்டுமே புழக்கத்தில் உண்டு, இரண்டு அடாப்டர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீர் மழைத்தண்ணீர்த் தொட்டியிலோ கடல்நீரைச் சுத்திகரித்தோ வரும். குழாயில் வருகிற நிலத்தடி நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, பல தீவுகளில் 2004 சுனாமிக்குப் பிறகு அது இன்னும் கெட்டுவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு 25 வயது. தனியாகத் தீவுக்கு அனுப்ப பயமாக இருக்கிறது. இந்தியர்களை வெளியேறச் சொல்லிப் போராட்டம் எல்லாம் நடந்ததே? – திருநெல்வேலி அம்மா ஒருவர்

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் செய்தியில் பார்த்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ‘இந்தியா அவுட்’ என்ற பிரச்சாரம் அங்கே இருந்த இந்திய ராணுவத்தினரைப் பற்றியது. 2023 தேர்தல், 2024 தொடக்கத்தில் வந்த உரசல் எல்லாம் நடந்தபோதும் தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பாடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 ஜூலையில் அவர்களுடைய சுதந்திர தினத்தின் 60-வது ஆண்டு விழாவுக்கு இந்தியப் பிரதமரே சிறப்பு விருந்தினராகப் போய் வந்தார். தீவில் இருக்கும் பெற்றோர்களில் பலரே இந்திய ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அந்த மரியாதை இன்றும் இருக்கிறது. அரசியலைப் பற்றி ஆசிரியர் அறையிலும் சரி, முகநூலிலும் சரி, மகள் வாயைத் திறக்க வேண்டாம். அது அவருடைய நாடு இல்லை.

தனியாக இருப்பது பற்றி. தங்கும் வீட்டில் வேறு பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, அறைக்கு உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். சின்னத் தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதில் பாதுகாப்பும் உண்டு, இவர் யாரோடு பேசினார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று ஊரே கவனிக்கிற தொந்தரவும் உண்டு. உடை விஷயத்தில் சுடிதார், முழுக்கை, தளர்வாக இருந்தால் போதும். முஸ்லிம் அல்லாத பெண்கள் தலையை மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விளம்பரத்தில் பார்க்கிற கடற்கரை வாழ்க்கை ரிசார்ட்டுகளுக்கு உரியது, மக்கள் வாழும் தீவில் கடலில் குளிக்கிற உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் குளிப்பார்கள். யாராவது தொல்லை கொடுத்தால் அன்றைக்கே தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. மாலேயில் உள்ள இந்தியத் தூதரகத்தில் போனவுடன் பெயர் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: சாமி படம், விளக்கு எல்லாம் கொண்டுபோகலாமா? – மதுரை வாசகி

மாலத்தீவு முழுமையான முஸ்லிம் நாடு, பிற மதத்தினர் வெளிப்படையாக வழிபடுவதற்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவதற்குச் சுங்கத்தில் தடை இருக்கிறது, பையில் கண்டால் எடுத்துவிடுவார்கள். மதுவும் பன்றி இறைச்சியும்கூடப் பையில் கொண்டுபோகக் கூடாது. நீங்கள் உங்கள் அறைக்குள் கண்ணை மூடிக் கும்பிடுவதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை, செல்போனில் கந்த சஷ்டி கவசமோ ஜெபமோ கேட்பதும் உங்கள் விஷயம். ஆனால் சிலை, வாசலில் கோலம், ஜன்னலில் விளக்கு, மாணவர்களிடம் உங்கள் பண்டிகையை விளக்குவது இதெல்லாம் வேண்டாம். பாடத்தில் பண்டிகை பற்றிக் கட்டுரை வந்தால் ஈத் பற்றி எழுதச் சொல்லுங்கள். இது மனசுக்கு ஒத்துவராது என்று தோன்றினால் அது தப்பே இல்லை, அப்படியானால் வேறு நாட்டைப் பாருங்கள். போய் இறங்கிய பிறகு வருத்தப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: நோன்பு மாதத்தில் நாங்கள் என்ன செய்வது? – புதுச்சேரி வாசகர்

பகலில் வெளியிலும் பள்ளியிலும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூட மற்றவர் பார்க்கக் குடிக்கக்கூடாது. உணவுக்கடைகள் பகலில் மூடியிருக்கும். பள்ளி நேரம் சுருங்கும். அறைக்குள் சமைத்துச் சாப்பிடலாம். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் கண்டிப்பாகப் போங்கள், வருடம் முழுவதும் சிரித்துக்கொண்டு மட்டும் கடந்து போனவர்கள் அந்த ஒரு சாயங்காலத்தில் சொந்தமாகிவிடுவார்கள்.

கேள்வி: மேடம், நான் இப்போது ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் என்னைவிட வேகமாக இங்கிலீஷ் பேசுகிறார்கள், ஆனால் எழுதச் சொன்னால் நாலு வரி வரவில்லை. பெற்றோர் ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். திணறுகிறேன். – ராமநாதபுரத்துக்காரர், இப்போது தெற்கே ஒரு தீவில்

தம்பி, இது எல்லோருக்கும் நடக்கிறதுதான். அங்கே திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, போதாததற்கு யூடியூப், விளையாட்டு என்று பிள்ளைகளின் காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டே இருக்கிறது. பேச்சு அதனால் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துக் கூச்சப்படாதீர்கள், உங்கள் உச்சரிப்பைக் கிண்டல் செய்தாலும் முகம் சுளிக்காமல் தெளிவாக, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். உங்களை எதற்கு அங்கே அழைத்திருக்கிறார்கள் என்றால் எழுத்துக்குத்தான். பத்தாம் வகுப்பில் அவர்கள் எழுதுவது பிரிட்டன் தேர்வு வாரியங்களின் சர்வதேசத் தேர்வு, அங்கே பேச்சுத் திறமை மட்டும் காப்பாற்றாது.

எழுத ஏன் வரவில்லை என்று தலைப்புகளைப் பாருங்கள். ரயில் பயணம், மலை ஏறியது, ஆற்றங்கரை. அந்த நாட்டில் ரயில் இல்லை, மலை இல்லை, ஆறு இல்லை. இயற்கையான நிலத்தின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து சுமார் இரண்டரை மீட்டர்தான். பார்க்காததைப் பற்றிப் பிள்ளை என்ன எழுதும்? நான் ‘ரயில் பயணம்’ என்பதைத் ‘தோணியில் மாலே போனது’ என்று மாற்றிக் கொடுப்பேன், உடனே பேனா ஓடும். அலை அடித்தது, தங்கை வாந்தி எடுத்தது, அப்பா தூண்டில் போட்டது என்று ஒன்றரைப் பக்கம் வரும். அந்த ஒன்றரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு காலம், நிறுத்தக்குறி, பத்தி பிரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுங்கள். கை பழகிய பிறகு படம், வீடியோ காட்டி ரயிலுக்கும் பனிக்கும் கொண்டுபோங்கள், ஏனென்றால் தேர்வு வாரியம் தோணியைக் கேட்காது. படகுத்துறை, மீன் பிடிப்பது, போடுபெரு மேளம், கால்பந்து, நோன்புப் பெருநாள் என்று தலைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

சின்ன வகுப்பு கொடுத்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடம் எழுதுவது. குழந்தை காலையில் ஒரு திசையிலும் அடுத்த பீரியடில் எதிர்த் திசையிலும் எழுதிப் பழகுகிறது, ஆங்கிலத்தில் b-யையும் d-யையும் திருப்பிப் போட்டால் அதட்டாதீர்கள். அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, காதைத் திருகுவதுகூடக் கூடாது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது, பெற்றோர் அதை நன்றாக அறிந்தவர்கள். நம் ஊர்ப் பள்ளியில் பழகிய கையை விமானம் ஏறுவதற்கு முன்பே அடக்கிவிட வேண்டும்.

பெற்றோர் மெசேஜ் என்பது வைபர் குரூப்தான், நாடே வைபரில் ஓடுகிறது. முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, இத்தனை மணிக்குள் கேட்டால் அன்றே பதில், அதற்குப் பிறகு என்றால் மறுநாள் பள்ளி முடிந்து பதில் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் லீடிங் டீச்சரிடம், அதாவது உங்களுக்கு மேலே இருக்கிற மூத்த ஆசிரியரிடம் முன்னாலேயே பேசி அவர் ஒப்புதலோடு சொல்லுங்கள். அவரோடு நல்ல உறவு இருந்தால் பாதிப் பிரச்சினை உங்கள் மேசைக்கே வராது. பாடத்திட்டம் எழுதிக் காட்டுவது, சாயங்கால நிகழ்ச்சிகள், விளையாட்டு விழா என்று வேலை வகுப்போடு முடியாது, அதையும் எதிர்பார்த்தே இருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி, வெள்ளி சனி விடுமுறை. ஊரில் எல்லோரும் ஓய்வாக இருக்கிற ஞாயிறு நீங்கள் வேலையில் இருப்பீர்கள், வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வேலை, சம்பளம் எல்லாம் சரி டீச்சர். ஆனால் நாலு மணிக்கு மேல் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அறை, செல்போன், கடல். ஊருக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது. – விருதுநகர்க்காரர், இப்போது வடக்கே ஒரு தீவில்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தம்பி. ஒரே அறையில் இந்தியர்களாகச் சேர்ந்து இருந்துகொண்டு, சாயங்காலம் முழுக்க வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டு, அங்கே நேரம் நமக்கு அரை மணி பின்னால் என்பதால் அம்மா தூங்கப் போகிற வரை கூடவே இருந்துவிட்டு, அப்புறம் விழித்துக் கிடப்பது. நீங்கள் எழுதியிருப்பது இதுதான், இப்படி இருந்தால் யாருக்கும் ஓடிவிடத்தான் தோன்றும். அம்மாவோடு தினம் பேசுங்கள், ஆனால் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள்.

அப்புறம் வெளியே வாருங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய ஜோலி இருக்கைகள் இருக்குமே, சாயங்காலம் ஊர் அதில்தான் உட்கார்ந்திருக்கும். மாணவன் வீட்டு ஜோலியில் போய் உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிஹினே (எப்படி இருக்கிறீர்கள்) என்று கேட்டு ரங்கலு (நன்றாக) என்று பதில் சொல்கிற அளவுக்கு முதல் வாரத்திலேயே திவேஹி கற்றுக்கொள்ளுங்கள், மாணவர்களையே உங்களுக்கு வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அதில் இருக்கிற சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எண்ணிக்கையும் கடைச் சாமான் பெயர்களும் தெரிந்தாலே நீங்கள் பாதி ஊர்க்காரர். மைதானத்தில் கால்பந்தும் வாலிபாலும் நடக்கும், ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், ஆட வராவிட்டாலும் போய் நில்லுங்கள். மீன் பிடிக்க ராத்திரி படகில் கூட்டிப்போகச் சொன்னால் கூட்டிப்போவார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் ஏறாதீர்கள், நீச்சல் தெரியாதவர் என்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், சுற்றிலும் கடல் உள்ள இடத்தில் அது ஆடம்பரம் இல்லை.

ஆசிரியர் அறையில் மலையாளம்தான் அதிகம் கேட்கும், இலங்கைத் தமிழ் ஆசிரியர்களும் சில தீவுகளில் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். ஒன்று சொல்கிறேன்: ஒரு பருவம் முடியும் வரை முடிவு எடுக்காதீர்கள், ஆனால் தூக்கம் போய், சாப்பாடு போய், வகுப்பில் நிற்கவே முடியாத நிலை என்றால் பருவமும் வேண்டாம் ஒப்பந்தமும் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள், தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். பெரிய தீவுக்கு மாற்றல் கேட்பதும் ஒரு வழி, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால்? நான் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். – கோவில்பட்டி வாசகி

மக்கள் வாழும் தீவுகளில் சுகாதார நிலையம் இருக்கும், சாதாரணக் காய்ச்சலுக்கும் தையலுக்கும் அது போதும், அங்கே இருக்கிற டாக்டர் பல சமயம் நம் நாட்டுக்காரராகவே இருப்பார். அதற்கு மேல் என்றால் அட்டோல் (தீவுக்கூட்டம்) மருத்துவமனை, அதற்கும் மேல் மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை, அது இந்திய உதவியில் கட்டியது. வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தீவிலிருந்து மாலே போகிற படகுச் செலவை அது தருமா, பள்ளி தருமா, நீங்களா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், அவசரத்தில் பெரிய செலவே அதுதான். மாத்திரையை மூன்று மாதத்துக்காவது கொண்டுபோங்கள், மருந்தின் மூலப்பெயரோடு டாக்டர் எழுதிய சீட்டு கூடவே இருக்க வேண்டும், அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள். தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, பலமான வலி மாத்திரை இருந்தால் சுங்கத்தில் கெடுபிடி அதிகம், முன் அனுமதி பற்றிப் பள்ளி மூலமாகக் கேட்டு வையுங்கள். டெங்கு அங்கேயும் உண்டு, கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்து இந்த வருடத்தோடு திரும்புகிறேன். கிளம்பும் முன் என்னென்ன வாங்க வேண்டும்? – தஞ்சாவூர்க்காரர், இப்போது லாமு அட்டோலில்

அனுபவச் சான்றிதழ்தான் முதலில். வெறுமனே ‘ஆசிரியராகப் பணியாற்றினார்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்தப் பாடம், எந்த வகுப்புகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழு நேரமா என்று பள்ளி முத்திரையோடு வேண்டும். நம் ஊர்ப் பள்ளியிலோ வேறு நாட்டிலோ அடுத்த வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள். இரண்டு அசல் பிரதி வாங்குங்கள், அந்தக் காற்றில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். திரும்பும் டிக்கெட், விடுப்புச் சம்பளம், கடைசி மாதச் சம்பளம் பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கேளுங்கள்.

பணத்தைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். அனுப்பும் வரம்பு மாதக் கணக்கு என்பதால் சேர்ந்து கிடக்கிற தொகையை ஒரே அடியாக அனுப்ப முடியாது. வேலை விசா ரத்தான பிறகு கணக்கை இயக்குவதும் சிக்கலாகிவிடும். ஆகவே இந்த மாதமே தொடங்கி மாதாமாதம் வரம்பு முழுவதையும் அனுப்பிவிடுங்கள். கடைசிச் சம்பளம் வரவாகி அதை அனுப்பி முடிக்கும் வரை அந்த ஊர் சிம் கார்டை விட்டுவிடாதீர்கள், வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும்.